கோடை விருந்துக்குப் பனி: முதல்முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோடையில் பனி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டீர்களா? எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் அந்தப் பனியை என்ன செய்யப் போகிறார்கள்? தள்ளி நின்று பார்க்கப் போகிறார்களா, கையால் அள்ளி விளையாடப் போகிறார்களா, மேலிருந்து விழும்போது அண்ணாந்து நிற்கப் போகிறார்களா?

இந்த மூன்றுக்கும் மூன்று விதமான பனி தேவை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஏதோ ஒரு பொடியையோ இயந்திரத்தையோ வாங்கிவிட்டு, அது பார்க்கவும் வெள்ளையாக இருக்க வேண்டும், தொட்டாலும் குளிர வேண்டும், மேலிருந்தும் தூற வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அப்படி ஒரு பொருள் இல்லை. பார்க்கும் பனிக்கு ஓர் இடம், தொடும் பனிக்கு ஒரு மேசை, பெய்யும் பனிக்கு ஒரு மூலை என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல்முறை என்றால் மூன்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நன்றாகச் செய்தாலே வந்தவர்கள் அசந்துபோவார்கள்.

நிஜப் பனியையே உண்டாக்க முடியாதா என்று சிலர் கேட்பதுண்டு. பனிச்சறுக்கு மலைகளில் இருக்கும் இயந்திரங்கள் தண்ணீரை மிக நுண்ணிய துளிகளாக்கி, அழுத்தக் காற்றோடு சேர்த்து வானத்தை நோக்கிப் பீய்ச்சுகின்றன. துளி தரைக்கு வருவதற்குள் உறைந்துவிடும். ஆனால் அதற்கு வெளிக்காற்றே உறைநிலையை ஒட்டி இருக்க வேண்டும். வெயில் காலத்தில் திறந்த வெளியில் அந்த வழி உதவாது.

தொடும் பனி

குழந்தைகள் வரும் விருந்து என்றால் அதிக நேரம் கூட்டம் நிற்கப்போவது இந்த மேசையில்தான். அதனால் முதல் கவனம் இதற்குத்தான்.

இதற்கான பொடியின் பெயர் சோடியம் பாலிஅக்ரிலேட். டயாபருக்குள் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைப்பதும் இதுதான். தூய நீர் என்றால் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு வரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ‘இன்ஸ்டன்ட் ஸ்னோ’ என்று விருந்து அலங்காரத்துக்கென்றே பாக்கெட்டில் கிடைக்கும். டயாபரைப் பிரித்து எடுத்தால் செலவு மிச்சம் என்று பலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேதிப்பொருள் ஒன்றுதான் என்றாலும் துகளின் அமைப்பு வேறு. டயாபரில் இருப்பது நீர் பட்டதும் ஜெல்லாகக் கட்டிக்கொள்ளும். பனிக்கென்று விற்பது தனித்தனித் துகளாகப் பொங்கி நிற்கும். அதோடு டயாபர் பொடியில் பஞ்சு இழைகளும் கலந்து வரும்.

மொத்தப் பாக்கெட்டையும் ஒரே வாளியில் கொட்டிவிடாதீர்கள். முதலில் ஒரு தேக்கரண்டிப் பொடியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, பாக்கெட்டில் சொன்ன தண்ணீர் அளவில் முக்கால் பங்கை மட்டும் ஊற்றுங்கள். ஊற்றிய கணத்தில் ஒன்றும் தெரியாது. ஓரிரு மூச்சு விடுவதற்குள் அடியில் கிடந்த பொடி மங்கலாகும், பிறகு நடுவில் ஒரு வெள்ளை மேடு எழும்பி டம்ளர் விளிம்பை நோக்கி ஏறும். குழந்தைகள் கூட இருந்தால் இதை அவர்கள் கண் முன்னால் செய்யுங்கள். அன்றைய விருந்தில் அவர்கள் மறக்காத காட்சி இதுவாகத்தான் இருக்கும்.

பொங்கி அடங்கியதும் ஒரு முட்கரண்டியால் கிளறிவிட்டுக் கையில் எடுத்துப் பாருங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதுதான் பதம். உள்ளங்கையில் ஈரம் ஒட்டினால் தண்ணீர் அதிகம். ஒரு சிட்டிகைப் பொடி தூவி இரண்டு நிமிடம் விடுங்கள். நெறுநெறுவென்று இருந்தால் இன்னும் கொஞ்சம் நீர் தெளியுங்கள். ‘இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்னும் நிறையப் பனி வருமே’ என்ற ஆசைதான் இங்கே எதிரி. நிஜப் பனி வெள்ளையாகத் தெரிவதே பனிப்படிகங்களுக்கு நடுவே காற்று இருப்பதால்தான். எண்ணற்ற பரப்புகளில் ஒளி பட்டுச் சிதறுகிறது. பொடியில் நீர் கூடினால் அந்தக் காற்று போய்விடும், வெண்மையும் கூடவே போய்விடும். மிஞ்சுவது கண்ணாடி மாதிரியான கூழ்.

உங்கள் குழாய்த் தண்ணீர் கடினநீராக இருந்தால் பொடி சரியாகப் பொங்காது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் இந்தப் பொடியின் பாலிமர் சங்கிலிகளை, அதாவது நீண்ட மூலக்கூறுத் தொடர்களை, பிடித்து நெருக்கிவிடும். வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்திப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சாதாரண உப்பு இன்னும் மோசம். ஒரு சிட்டிகை விழுந்தாலும் உறிஞ்சிய நீரைக் கக்கத் தொடங்கிவிடும். அந்தக் குணம் கடைசியில் துடைக்கும்போது நமக்கே உதவும்.

எவ்வளவு தேவை? ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப 10 லிட்டர் பனி வேண்டும். அரை சதுர மீட்டர் தட்டில் 3 செ.மீ. உயரத்துக்கு என்றால் 15 லிட்டர். உங்கள் ஒரு தேக்கரண்டி சோதனையில் எத்தனை மில்லிலிட்டர் பனி வந்தது என்று அளந்துவைத்திருந்தால் எத்தனை கரண்டிப் பொடி வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். பாக்கெட்டில் அச்சிட்ட மடங்கை விட உங்கள் வீட்டுத் தண்ணீரில் வந்த அளவை நம்புங்கள்.

இப்போது குளிர்ச்சி. பொங்கிய துகளின் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாவதால் இந்தப் பனி இயல்பாகவே லேசாகக் குளிரும். அது போதாது. முதல் நாள் இரவே கலந்து, மூடியிட்ட டப்பாக்களில் குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் இறுகிக் கட்டியாகிவிடும், கீழ்த்தட்டே நல்லது. மறுநாள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளியே எடுக்காமல் இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்று சூடேறியதும் மற்றதை மாற்றுங்கள். பரப்பும் தட்டுக்குக் கீழே ஜெல் ஐஸ் பேக்குகளை அடுக்கி வைத்தால் முழங்கை வரை விட்டு விளையாடும் குழந்தை நிஜமாகவே ‘ஜில்’லென்று கத்தும்.

சில கண்டிப்பான விஷயங்கள். காய்ந்த பொடி மூக்கில் ஏறினால் உறுத்தும், கண்ணில் பட்டால் எரியும். மொத்தமாகக் கலக்கும் வேலையைக் குழந்தைகள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இதைத் தின்னக் கூடாது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளை இந்த மேசைக்கு அழைத்துவரவே வேண்டாம். அவர்களுக்கு வேறு வழி சொல்கிறேன். இதே வகைப் பொருளில் மிட்டாய் போல வண்ண உருண்டைகளாக விற்கும் ‘வாட்டர் பீட்ஸ்’ எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். விழுங்கினால் குடலுக்குள் போய் ஊதி அடைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை வரை போயிருக்கிறது.

சோடாப் பனி

பாலிமர் பொடி கிடைக்காதவர்களுக்குச் சமையல் சோடா போதும். ஆறு பங்கு சோடாவுக்கு ஒரு பங்கு வெள்ளை நிற ஹேர் கண்டிஷனர். மூன்று கப் சோடாவுக்கு அரை கப் கண்டிஷனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்டிஷனரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு விரல் நுனியால் பிசறுங்கள். அழுத்திப் பிசைந்தால் மாவாகிவிடும். இதில் உருண்டை பிடிக்கலாம், சின்னப் பனிமனிதனும் நிற்பான். சோடா நீரில் கரையும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் பொருள் என்பதால் ஈரக் கைக்குக் கொஞ்சம் குளிர்ச்சியும் தெரியும்.

வாசனை தூக்கலாக இருக்கும் கண்டிஷனரைத் தவிர்த்துவிடுங்கள், வெயிலில் தலைவலி வரும். கையில் வெட்டுக்காயமோ தோல் ஒவ்வாமையோ உள்ளவர்கள் தொட வேண்டாம். நாய்கள் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிக அளவு சோடா அவற்றுக்கு ஆபத்து. செடிகளின் அடியிலும் கொட்டாதீர்கள். விளையாட்டு முடியும் நேரத்தில் ஒரு கிண்ணம் வினிகரும் ஒரு கரண்டியும் கொடுத்தால் பனிமனிதன் நுரைத்துக் கரைவதைப் பார்க்க எல்லாரும் கூடிவிடுவார்கள்.

ஐஸ் பனி

மழலைகளுக்கு இதுதான். வெறும் தண்ணீர், வாயில் போட்டாலும் பயமில்லை. ஐஸ் கட்டிகளை நல்ல பலமுள்ள மிக்ஸியில் கொஞ்சமாகப் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பிளேடின் சூட்டிலேயே உருகிக் கரைசலாகும். ஐஸ் சீவும் இயந்திரம் கிடைத்தால் இன்னும் மென்மையாக வரும். பாத்திரத்தையும் கரண்டியையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவைத்துக்கொண்டால் உருகுவது கணிசமாகக் குறையும்.

பனியை மெல்லியதாகப் பரப்பினால் சீக்கிரம் போய்விடும், குவித்து அழுத்தி வைத்தால் நிற்கும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவைப்படும். அந்த வெப்பம் உள்ளே நுழையும் வழி மேற்பரப்புதான். எனவே மேற்பரப்பைச் சுருக்குங்கள். ஓட்டையுள்ள தட்டில் குவியலாக வைத்து, உருகும் நீர் கீழே வடியவிட்டு, நிழலில் தடித்த துணி போட்டு மூடிவைத்து, குழந்தைகள் வந்த பிறகு திறங்கள். தேங்கிய நீரில் கிடக்கும் ஐஸ் வேகமாகக் கரையும்.

ஐஸில் உப்புத் தூவி இன்னும் குளிரவைக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் தடுத்துவிடுங்கள். அந்தக் கலவை உறைநிலைக்கு வெகு கீழே இறங்கும், தோலைப் புண்ணாக்கிவிடும். உறைந்த கார்பன் டை ஆக்சைடான உலர் ஐஸும் அப்படித்தான்: மைனஸ் 78.5 டிகிரி செல்சியஸ். அது ஆவியாகி வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு தாழ்வான, மூடிய இடத்தில் தேங்கும். முதல்முறை செய்பவர்கள் அதன் பக்கமே போக வேண்டாம்.

பெய்யும் பனி

1946-ல் அமெரிக்காவில், கிறிஸ்துமஸ் இரவில் நடக்கும் ஒரு கதையைக் கோடை வெயிலில் படமாக்கினார்கள். அந்தக் காலப் படங்களில் வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டுவது வழக்கம். நடிகர் காலடி வைத்தால் நொறுங்கும் சத்தத்தில் வசனம் கேட்காது. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவின் கலைஞர்கள் தீயணைப்பு நுரையோடு சோப்பும் தண்ணீரும் கலந்து, பெரிய காற்றாடியின் முன்னால் பீய்ச்சிச் சத்தமில்லாத பனியை உண்டாக்கினார்கள். இன்று வாடகைக்குக் கிடைக்கும் நுரைப்பனி இயந்திரமும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. நுரைத் திரவத்தில் நனைந்த துணியின் வழியே காற்று ஊதப்படுகிறது, நுரை துண்டு துண்டாகப் பிய்ந்து பறக்கிறது.

இயந்திரத்தைத் தரையில் வைத்தால் சோப்பு நுரை கக்குகிற மாதிரிதான் இருக்கும். 3 மீட்டர் உயரத்திலாவது உறுதியாகக் கட்டிவையுங்கள். விழும் வழியில்தான் நுரை சிறு செதில்களாகப் பிரியும். காற்று வரும் திசையில் இயந்திரம், காற்று போகும் திசையில் மக்கள். ஆனால் ஒரு மரத்தின் இலை முழுக்க அசையும் அளவுக்குக் காற்று இருந்தால் அன்று பனி பெய்யாது, பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். சுவர் ஓரம் அல்லது கட்டடத்தின் மறைவுப் பக்கம் பாருங்கள்.

உலர்ந்த வெயிலில் செதில் தரைக்கு வருவதற்குள் கரைந்துவிடும். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு இதே இயந்திரம் இரண்டு பங்கு நன்றாக வேலை செய்யும். இருட்டத் தொடங்கியதும் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ ஒரு விளக்கை அடியுங்கள். எதிரே இருண்ட மரமோ சுவரோ இருக்க, விழும் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாக ஒளிரும். முன்னாலிருந்து விளக்கு அடித்தால் எதுவும் தெரியாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே பெய்யும் பனியை விருந்தின் கடைசிக்கு வையுங்கள் என்று சொல்வேன். பத்து நிமிடம் போதும். நீண்டால் தரை முழுக்க வழுக்கும், பார்ப்பவர்களுக்கும் பழகிப்போகும்.

கீழே புல்தரை அல்லது மண்தரைதான் இருக்க வேண்டும். டைல்ஸ், பளிங்கு, நீச்சல் குளத்தின் விளிம்பு வேண்டவே வேண்டாம். இயந்திரத்தின் மின் இணைப்பு வெளிப்புறப் பயன்பாட்டுக்கானதாக, மின்கசிவு ஏற்பட்டால் தானே அணையும் பாதுகாப்புடன் இருக்க வேண்டும். இணைக்கும் முனை ஈரத்தில் கிடக்கக் கூடாது. இயந்திரத்துக்கென்று விற்கும் திரவத்தையே ஊற்றுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு கண்ணை எரிக்கும்.

பார்க்கும் பனி

இதில்தான் செலவு குறைவு, பலன் அதிகம். தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சை அப்படியே போர்த்தினால் பஞ்சாகத்தான் தெரியும். கையால் மெல்லியதாகப் பிரித்து, மேசை ஓரங்களிலும் சட்டங்களின் மேலும் மட்டும், காற்று ஒதுக்கிவிட்ட பனி தங்கும் இடங்களில் வையுங்கள். பனி மேற்பரப்பில்தான் படியும், அடிப்பக்கத்தில் ஒட்டாது. இதை மனத்தில் வைத்தாலே அலங்காரம் நம்பும்படி ஆகிவிடும். பஞ்சு இருக்கும் மேசையில் மெழுகுவத்தி கூடாது. பேட்டரி விளக்கு வையுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்ணாடியில் உறைபனி. எப்சம் உப்பையும் (மக்னீசியம் சல்பேட்) வெந்நீரையும் சம அளவு எடுத்துக் கரையும் வரை கலக்கி, இரண்டு சொட்டுத் திரவ சோப்பு விடுங்கள். பஞ்சில் தொட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒற்றி எடுங்கள். முதலில் வெறும் ஈரமாகத்தான் இருக்கும். காயக் காய ஓரத்திலிருந்து ஊசி ஊசியாகக் கிளைத்து உள்நோக்கி வளரும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு கோலம். அழிப்பதற்கு ஈரத்துணி போதும்.

நண்பகல் வெயிலில் எந்த வெள்ளையும் வெளிறித்தான் தெரியும். நிழலில் வைத்து, பின்னால் அடர்நீலமோ கரும்பச்சையோ துணி கட்டி, மஞ்சள் விளக்குக்குப் பதில் நீலம் கலந்த வெள்ளை விளக்கு போடுங்கள். பொருள் அதேதான், ஆனால் பார்ப்பவருக்குக் குளிரும்.

வேண்டாத பொருட்கள்

தெர்மாகோல் மணிகளை வெளியிடத்தில் கொட்டாதீர்கள். காற்றில் பறந்து எல்லா இடமும் ஒட்டும், திரும்பப் பொறுக்கவே முடியாது, பறவைகளும் மீன்களும் தின்னும். பழைய அலங்காரப் பெட்டிகளில் 1930, 40-களைச் சேர்ந்த ‘பனித்தூள்’ இருந்தால் திறக்காதீர்கள். அன்று கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸையே பனியாக விற்றார்கள்.

சோளமாவு, மைதா போன்ற மாவை மின்விசிறியால் பறக்கவிடுவது எல்லாவற்றையும் விட ஆபத்து. காற்றில் மிதக்கும் மாவுத்தூள் தீப்பற்றினால் நொடியில் பரவும். 2015 ஜூன் 27 அன்று தைவானில் ஒரு நீர்விளையாட்டுப் பூங்காவில் நடந்த கோடை விழாவில், கூட்டத்தின் மேல் தூவிய வண்ணச் சோளமாவுத்தூள் பற்றிக்கொண்டு 15 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 500 பேர் காயமடைந்தார்கள். மாவைப் பிசைந்து விளையாடலாம், பறக்கவிடக் கூடாது.

எதை எப்போது செய்வது

ஒரு வாரம் முன்பே சோதனைக் கரண்டி, அளவுக் கணக்கு, இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. முதல் நாள் பகலில் பஞ்சு, துணி, விளக்கு. இரவில் கண்ணாடி உறைபனியும் பாலிமர் பனியும். விருந்து நாளில், விருந்து தொடங்குவதற்கு முந்தைய கடைசி ஒரு மணி நேரத்தில் ஐஸ் சீவுதல், மேசையில் தட்டு வைத்தல். தொடும் பனி மேசைக்கும் நுரை பெய்யும் இடத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். நுரை மேலே விழுந்தால் மேசைப் பனி கூழாகிவிடும். மேசைக்குப் பக்கத்தில் காய்ந்த துண்டுகளும், வீட்டு வாசலில் தடித்த மிதியடியும் கட்டாயம். வெளியே விளையாடிய கால் நேராக டைல்ஸில் ஏறும்போதுதான் யாராவது விழுவார்கள்.

சுத்தம் செய்வது

நுரை விழுந்த புல்தரையில் தண்ணீர் பீய்ச்சினால் போதும். சோடாப் பனியைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டு, மிச்சத்தை நீரால் கழுவலாம்.

பாலிமர் பனியைக் கழுவாதீர்கள். சிங்க், கழிவறை, வடிகால் எதிலும் போகக் கூடாது. குழாய்க்குள் இன்னும் ஊதி அடைத்துவிடும். குழந்தைகள் கையையும் முதலில் காய்ந்த துண்டால் துடைத்துவிட்டுத்தான் கழுவச் சொல்ல வேண்டும். கீழே சிந்தியதைக் காய்ந்த துடைப்பத்தால் கூட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். தரையோடு வழுவழுவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் மேலே உப்பைத் தூவிச் சில நிமிடம் காத்திருங்கள். ஜெல் நீர் விட்டுத் தளர்ந்துவிடும், துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

தட்டிலேயே சுத்தமாக மிஞ்சிய பனியை மறுபடியும் பொடியாக்க முடியும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி, குழந்தைகளுக்கு எட்டாத காற்றோட்டமான இடத்தில் சில நாட்கள் விட்டு, தினமும் ஒருமுறை கிளறுங்கள். முழுக்கக் காய்ந்து சுருங்கிய பிறகே டப்பாவில் அடையுங்கள், ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே வையுங்கள். பார்ப்பதற்கு உப்பும் இதுவும் ஒன்றுபோலவே இருக்கும்.